விரலுக்கு விலை போட்ட சட்டமும் கைக்கு வேலை தேடிய படிப்பும்

கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 விழுக்காடு. ஆட்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டால் 50. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்து, திருத்தங்களுடன் பல தலைமுறைகளாகப் புழங்கிவந்த அட்டவணை இப்படித்தான் கையைக் கூறு போட்டு வைத்திருக்கிறது. சம்பாதிக்கும் திறனில் எத்தனை பங்கு குறைந்தது என்று கணக்குப் பார்க்க அதிகாரிக்கு ஓர் எண் வேண்டும். எண் கிடைத்துவிட்டது. போன விரல் பாத்திரம் தட்டுபவருடையதா, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவருடையதா என்று அட்டவணை கேட்பதில்லை.

அனுப்பர்பாளையத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில், இன்று மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பகுதி இது. பனியனுக்குப் பேர்போன ஊரில் பாத்திரத்துக்குப் பேர் வாங்கிய இடம். பித்தளைக் குடம், செம்பு அண்டா, தவலை என்று இருந்த பட்டறைகள் எவர்சில்வருக்கும் கையைப் பழக்கிக்கொண்டன. வேலம்பாளையம், அங்கேரிபாளையம் என்று சுற்றுவட்டாரத்துக்கும் தொழில் பரவியது. கூலி உயர்வுக்காகச் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் உட்கார்ந்து பேசுவதும், பேச்சு முறிந்தால் பட்டறைகள் மூடிக் கிடப்பதும் இந்தப் பகுதிக்குப் பழக்கமான செய்தி.

பட்டறைக்குள் ஒரு குடம் உருவாகும் வழியைக் கையின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். தகட்டை வட்டமாக வெட்ட வேண்டும். ஓடும் லேத்தில் அச்சோடு சேர்த்துத் தகட்டை அழுத்தி வளைக்க வேண்டும். பாகங்களைப் பற்றவைத்து, விளிம்பை மடக்கி, சுத்தியலால் தட்டிச் சீராக்கி, பாலிஷ் போட வேண்டும். சுத்தியல் பிடிக்கும் வலக்கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் அடிக்கு அடி பாத்திரத்தை இம்மி இம்மியாகத் திருப்பிக் கொடுப்பது இடக்கை. அந்தக் கையின் சுண்டு விரல் விறைத்துப்போனாலே குடம் வழுக்கும். அந்த விரல் முழுதாகவே போனாலும் அட்டவணையில் 7 விழுக்காடுதான். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த இழப்பு எத்தனை விழுக்காடு என்பது வேறு கணக்கு. பனியன் கம்பெனிகளிலும் இதே கதைதான்: கட்டிங் மாஸ்டரின் கை, ஓவர்லாக் டைலரின் கை, செக்கிங் செய்யும் பெண்ணின் கை, கைமடிக்கும் பிள்ளையின் கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விரல் உயிர்.

ஒரு மனிதரின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அதில் எந்த மூட்டு எவ்வளவு வளைகிறது, எந்த விரல் எதைத் தாங்குகிறது என்று பார்ப்பதை ஒரு படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். செயல்முறை சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். நான்கு ஆண்டுப் பாடமும் அரையாண்டுப் பயிற்சியுமாகத் தமிழ்நாட்டில் நடந்துவந்த பி.ஓ.டி. பட்டப்படிப்பு அது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் பலவற்றுக்கு, கவுன்சலிங்கில் பிசியோதெரபி இடங்கள் தீர்ந்த பிறகு கண்ணில் படும் பெயர் என்ற அளவில்தான் இது அறிமுகம். அந்த அலட்சியம் இந்தப் படிப்பின் வரலாற்றுக்குப் பொருந்தாது. கைத்தொழில் பட்டறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த படிப்பு இது.

நுழைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு கட்டடக் கலைஞர். அமெரிக்காவின் ஜார்ஜ் பார்ட்டனுக்குக் காசநோய் வந்தது. காலில் அறுவைசிகிச்சை நடந்தது. பிறகு உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தன் உடம்பைத் தானே மீட்டுக்கொண்டவர், நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் மற்ற நோயாளிகளுக்கும் ஒரு வீட்டைத் திறந்தார். 1917 மார்ச்சில் அங்கே கூடிய சிறு குழு இந்தத் தொழிலுக்கான முதல் சங்கத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. கை கால் சிதைந்து திரும்பும் வீரர்களுக்கு ஆள் தேவைப்பட, பெண்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். 1918-இல் பிலடெல்பியாவில் ஒரு பள்ளி திறந்தது.

அந்தக் காலப் பாடத்திட்டத்தைப் பார்த்தால் இன்றைய மாணவர்கள் திகைத்துப்போவார்கள். உடற்கூறு ஒரு பக்கம். மறுபக்கம் நெசவு, கூடை முடைதல், மரவேலை, உலோகத் தகடு தட்டுதல், புத்தகம் கட்டுதல். கற்றுக்கொடுக்கத் தெரியாத வேலையை நோயாளியின் கையில் கொடுக்க முடியாது என்பது பாடம் வகுத்தவர்களின் கட்சி. தறியின் மிதியைக் கனமாக்கினால் முழங்காலுக்குப் பயிற்சி. ரம்பத்தின் பிடியைத் தடிமனாக்கினால் மூடாத கைக்குப் பயிற்சி. அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளி ஒருவர் அந்த வகுப்புக்குப் போயிருந்தால், உலோக வேலைப் பாடத்தில் அவரை வாத்தியார் நாற்காலியில்தான் உட்கார வைத்திருப்பார்கள்.

பிலடெல்பியாப் பள்ளியிலிருந்து இந்தியாவுக்கு ஒரு நேர்க்கோடு உண்டு. 1900-இல் அமெரிக்காவில் பிறந்த எலிசபெத் லண்டி, குவேக்கர் குடும்பத்துப் பெண். விஷ்ணு நிம்ப்கர் என்ற மராத்தியரை மணந்து, 1930-இல் இந்தியா வந்து, கமலா நிம்ப்கர் ஆனார். காந்தியின் காலம் அது. கைத்தொழிலே அரசியலாக இருந்த நேரம். தமிழகக் கதர் வேலையின் பெரிய மையமாகத் திருப்பூர் இருந்ததும், 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போன குமரன் போலீஸ் தடியடியில் உயிர்விட்டதும் அந்த ஆண்டுகளில்தான். தறியும் ராட்டையும் ஒரு தேசத்தை நிமிர்த்தும் என்று பேசிக்கொண்டிருந்த நாட்டில், அவை ஒரு நோயாளியின் முதுகையும் நிமிர்த்தும் என்ற செய்தியைக் கொண்டுவர வேறு யாரைவிடவும் பொருத்தமானவர் இவர்.

நாற்பது வயது கடந்த பிறகு கமலா மீண்டும் மாணவியானார். பிலடெல்பியாவில் இந்தப் படிப்பை முடித்துத் திரும்பி, பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1950-இல் அங்கேயே பயிற்சிப் பள்ளி வந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதல் பள்ளி என்பார்கள். இரண்டே ஆண்டில், 1952-இல், அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் பத்து நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. படித்து முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த நாடு, பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் ஒரே மேசையில் உட்கார்ந்தது. 1958-இல் நாகபுரியில் அடுத்த பள்ளி.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கதை வேர் விட்ட மண் வேறு. அது வேலூர்.

கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியின் மகனாக வளர்ந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் லண்டனில் கட்டடத் தொழில் கற்றவர். கொத்து வேலையும் தச்சு வேலையும் தெரிந்த கை அது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி வலியெடுக்கும் அளவுக்கு இறுகியது. செத்துவிட்டதாக எல்லோரும் எண்ணிய கையில் பலமான தசைகள் மிச்சமிருந்தன. வேலை செய்யும் தசைநாரை எடுத்து, செயலிழந்த இடத்தில் பொருத்தினால் என்ன? 1948 முதல் வேலூரில் அந்த அறுவைகள் நடந்தன. மடங்கிய விரல்கள் திறந்தன.

கத்தி வேலை முடிந்த இடத்தில்தான் சிக்கலே தொடங்கியது. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த தசைநார் இப்போது கட்டைவிரலை இழுக்கிறது என்றால், கட்டைவிரலை அசைக்க நோயாளி மோதிர விரலை மடக்குவதாக எண்ண வேண்டும். கை மாறிவிட்டது, மூளைக்குச் செய்தி போகவில்லை. அதைப் பொறுமையாகப் பழக்கியாக வேண்டும். அப்படிப் பழக்கி அனுப்பியவர்களில் சிலர் திரும்பி வந்து, முகம் வாடி நின்றார்கள். பிச்சை எடுக்க இந்தக் கை உதவவில்லை என்றார்கள். கொக்கிக் கைக்கு விழுந்த காசு நேரான கைக்கு விழவில்லை. தொழுநோய் வந்தவர் என்று தெரிந்து வேலை கொடுப்பாரும் இல்லை.

பிராண்டுக்குள் இருந்த தச்சர் விழித்துக்கொண்டது அப்போதுதான் என்று தோன்றுகிறது. 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே சில குடிசைகளும் ஒரு பட்டறையுமாக நவஜீவ நிலையம் எழுந்தது. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கி மரவேலை கற்றார்கள், பொம்மைகள் செய்தார்கள். உணர்ச்சியற்ற கை உளி பிடிக்கும்போது என்ன ஆகிறது என்பதை பிராண்ட் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதால் ஒரு புண். பிளந்த கைப்பிடியின் சிலாம்பால் ஒரு புண். சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தூக்கியதால் ஒரு கொப்புளம். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியாதபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியைச் சர்வசாதாரணமாகத் திருப்பினான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு விரலை எலும்பு வரை அறுத்திருந்தது; பையனுக்குத் தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது விரல் நுனிகளை எலி கடித்ததும் உண்டு. அதற்குக் கண்ட மருந்து, ஆளுக்கொரு பூனை.

தொழுநோய் விரலைத் தின்றுவிடுகிறது என்ற நெடுநாள் நம்பிக்கை இந்தப் பட்டறையில்தான் ஆட்டம் கண்டது. விரலைத் தின்றது வேலை, அதாவது வலி தெரியாமல் செய்த வேலை. கருவியின் பிடியை மாற்று, பிடிக்கும் விதத்தை மாற்று, மாலையில் கையைக் கண்ணால் சோதி: விரல் தங்கும். இன்று பி.ஓ.டி. மாணவர்கள் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் நரம்பு வெட்டுப்பட்ட கைக்கும் சொல்லித்தரக் கற்கும் பாதுகாப்புப் பாடத்தின் வேர் இதில் இருக்கிறது. 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் எழுந்த ஷிஃப்லின் ஆய்வு மையம் இந்த வேலையை விரித்துக்கொண்டு போனது.

அதே வேலூரில் இன்னொரு மாணவி. மேரி வர்கீஸ், கேரளத்திலிருந்து வந்து மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அதற்கெனத் தனித் துறையை நடத்தினார். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதல் ஊர் திரும்பிப் பிழைப்பது வரை பழகும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் பாகாயத்தில் வந்தது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. செயல்முறை சிகிச்சையைத் தமிழ்நாட்டில் ஒரு பட்டப்படிப்பாக வளர்த்தெடுத்த சூழல் இதுதான். வேலூர்க் கல்லூரி இன்றும் அதை நடத்துகிறது.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் இதன் இன்னொரு கிளை. 1961 முதல் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், தொழில் சிகிச்சைப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். ரொட்டி சுடுவது உள்ளிட்ட வேலைகளில் நோயாளிகள் பழகினார்கள். சம்பளமில்லாமல் வேலை வாங்குவதற்கும் வேலையால் குணப்படுத்துவதற்கும் இடையிலுள்ள கோடு உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் அழிந்து அழிந்து தெரிந்த ஒன்று. அதைப் பற்றி விவாதிக்காத பாடப்புத்தகம் எதுவும் நல்ல பாடப்புத்தகம் ஆகாது.

கைக்குத் திரும்பலாம். தொழிற்சாலைக் காயங்களுக்கு வட சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனை பதில் தேடியது. அங்கே கை அறுவைப் பிரிவை உருவாக்கிய டாக்டர் ஆர். வெங்கடசுவாமி, நுனி சாய்வாக வெட்டுப்பட்ட விரலுக்கு அதே விரலின் தோலையே முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை 1980-இல் உலக மருத்துவ இதழில் எழுதினார். இன்று அந்த அறுவைக்கே அவர் பெயர் வழங்குகிறது. விரல் நுனியில் தொடு உணர்ச்சி மிஞ்ச வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. துணியைத் தடவியே தரம் சொல்ல வேண்டிய செக்கிங் பெண்ணுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

கொங்குப் பகுதியில் இயந்திரத்தில் கை சிக்கினால் வண்டி பெரும்பாலும் கோவையை நோக்கித்தான் ஓடும். 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜா சபாபதி வளர்த்த கை அறுவைத் துறை, துண்டான கைகளை ஒட்டவைப்பதில் வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து கற்கும் இடமாக ஆனது. ஒட்டிய கையை அசையாமல் வைத்தால் தசைநார் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு அசைத்தால் தையல் அறும். இந்த இரண்டுக்கும் நடுவில், எந்த நாள் எந்த மூட்டை எத்தனை பாகை மடக்கலாம் என்று நடப்பதுதான் கை சிகிச்சையாளரின் வேலை. சுடுநீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, நோயாளியின் கை மேலேயே வளைத்து, ஆறுவதற்குள் வடிவம் பிடிக்கும் ஸ்பிளின்ட் வேலையைப் பார்ப்பவர், தகடு வளைக்கும் தொழில் இன்னும் இந்தப் படிப்பை விட்டுப் போகவில்லை என்பதைக் காண்பார்.

மற்றபடி பழைய தறிகள் போய்விட்டன. உடற்கூறியல், இயக்கவியல், நரம்பியல், உளவியல் என்று பாடம் மாறியது. கருவிகளும் மாறின, பிடிமானத்தைக் கிலோவில் காட்டும் டைனமாமீட்டர் வந்தது. மேலைநாட்டுச் சோதனைத் தாள்கள் கரண்டி பிடிப்பதையும் சட்டைப் பித்தான் போடுவதையும் கேட்கும். தமிழ்நாட்டு மாணவர் அதோடு நிற்க முடியாது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோக ஐந்து விரல்களும் குவிய வேண்டும். சேலைக் கொசுவம் மடிக்கக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே ஒரு பிடி வேண்டும். தரையில் சம்மணமிட்டு எழுவதும், குந்தி உட்காரும் கழிப்பறையும் இடுப்பு முறிந்தவருக்கு மலை. இவற்றைச் சோதனைத் தாளில் சேர்ப்பது நோயாளியின் வீட்டைத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? பலர் குழந்தைகளிடம். அமெரிக்கரான ஜீன் ஏரஸ் 1972-இல் எழுதிய நூல் புலன் ஒருங்கிணைப்பு என்ற கருத்தை நிலைநிறுத்தியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கான மையங்கள் தமிழ்நாட்டு நகரங்களில் பெருகின. ஊஞ்சலும் பந்துக்குளமும் உள்ள அறையைத்தான் இன்று பொதுமக்கள் ஆக்குபேஷனல் தெரபி என்று அறிகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் ‘விழுதுகள்’ சேவை மையங்களும் இந்தச் சிகிச்சையை உள்ளடக்கியவை. குழந்தைகளுக்கு இது மிகவும் தேவை. அதில் தகராறு இல்லை. ஆனால் வேலை செய்து பழுதான பெரியவரின் கையிலிருந்து தொடங்கிய ஒரு தொழில், தொழிற்பேட்டைகளின் பக்கம் இவ்வளவு குறைவாகத் தலைகாட்டுவது நியாயமாகப் படவில்லை. வெளிநாட்டு வேலையும் ஒரு காரணம்: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தப் பட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பும் சம்பளமும் இங்கே கிடைப்பதில்லை. நாட்டுக்குப் பொதுவான ஒழுங்குமுறைச் சட்டமே 2021-இல்தான் வந்தது. பம்பாய்ப் பள்ளி தொடங்கி 71 ஆண்டுகள் கழித்து.

திருப்பூரைப் பொறுத்தவரை, 2009-இல் தனி மாவட்டமாகி, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் பெற்றுவிட்டது. செயல்முறை சிகிச்சை படிக்க விரும்பும் அனுப்பர்பாளையத்துப் பிள்ளைக்குக் கோவையில் கே.எம்.சி.எச். கல்லூரி உண்டு, சென்னைப் பக்கம் காட்டாங்குளத்தூரிலும் முட்டுக்காட்டிலும் வாய்ப்பு உண்டு, வேலூர் இருக்கவே இருக்கிறது. உலகக் கூட்டமைப்பின் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி செய்திருக்க வேண்டும். அதில் பெரும் பகுதி வார்டுகளிலும் குழந்தைகள் மையங்களிலும் கழிகிறது. ஒரு பாத்திரப் பட்டறையில் லேத் அருகே நின்று, தகட்டை அழுத்தும் கையின் மணிக்கட்டு எத்தனை பாகை சாய்கிறது, ஒரு நாளில் எத்தனை முறை சாய்கிறது, கைப்பிடியின் தடிமனைக் கொஞ்சம் கூட்டினால் எவ்வளவு குறையும் என்று குறித்து வரவும் அந்த மணிநேரங்கள் இடம் தரும். பிராண்ட் நவஜீவ நிலையத்தில் செய்தது ஏறக்குறைய அதுதான். கோவையிலிருந்து அவிநாசி வழியாகத் திருப்பூர் வரும் பஸ் அனுப்பர்பாளையத்தைத் தாண்டித்தான் போகிறது.